நான் தேநீர் குடிக்கப் போகாத மாலை

புதிதாகத் தெரிவான கவுன்சிலர்களுக்குப் பயிற்சி நாள் ஒன்று வைக்கிறோம், வந்து பதினைந்து நிமிடம் பேசுங்கள் என்று எங்கள் கவுன்சிலில் இருந்து போன மாதம் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: கட்சிக் கட்டுப்பாடு. கேட்டதில் பிழையில்லை. பதினேழு வருடம் ஆளும் கட்சியின் கொறடாவாக இருந்தவள் நான். கூட்டத்துக்கு முன்பே எத்தனை பேர் எந்தப் பக்கம் கை தூக்குவார்கள் என்று எண்ணிச் சொல்வதும், ஆடுகிறவர்களைப் பிடித்து இருத்துவதும்தான் கொறடாவின் வேலை. லண்டனின் தென்பக்கத்தில் ஒரு சாதாரண கவுன்சில். அதில் மன்னாரில் இருந்து வந்த ஒரு பெண் வெள்ளைக்காரரை வரிசையில் நிறுத்தி வாக்குப் போட வைத்தாள் என்றால் புதுப்பிள்ளைகளுக்குக் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

பேச்சை முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. தகனசாலை பற்றிய பகுதி சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம், அதை விட்டுவிட்டு மற்றதைப் பேச முடியுமா என்று ஒரு பிள்ளை மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தது.

அந்தப் பகுதியை எடுத்தால் எனக்குப் பேச ஒன்றுமே இல்லை. அதனால் நான் போகவில்லை. அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன். இங்கே வெட்ட ஒருவரும் இல்லை.

நான் அரசியலுக்கென்று வந்தவள் அல்ல. கல்யாணம் கட்டி வந்த இரண்டாம் மாதமே ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஷிப்ட் பட்டியலில் எங்கள் ஆட்களுக்கு எப்போதும் ஞாயிறு வேலை போடுவார்கள். தேவாலயத்தில் பூசைக்குப் போக முடியாத கோபத்தில் ஒருநாள் பட்டியலைக் கழற்றிக்கொண்டு போய் மேலாளரின் மேசையில் வைத்தேன். அடுத்த வாரம் தொழிற்சங்கம் என்னைத் தேடி வந்தது. அதற்கடுத்த தேர்தலில் லென் தேடி வந்தார்.

லென்தான் எங்கள் கவுன்சிலின் தலைவர். தொடர்ந்து இருபத்திரண்டு வருடம் அந்தக் கதிரையில் இருந்தவர். பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள், லென் போகவில்லை. பழைய அச்சகத் தொழிலாளி. ஈய எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கிப் பழகியதால் அடுத்தவர் மேசையில் இருக்கும் தாளை எதிர்ப்பக்கம் நின்றே வாசித்துவிடுவார். அவர் அறைக்குள் வந்தால் எல்லோரும் தாள்களைக் கவிழ்த்து வைப்பார்கள். கோடையோ குளிரோ ஒரே மண்ணிறக் கம்பளிச் சட்டைதான். எதையும் பென்சிலால்தான் எழுதுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், நாங்கள் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். குனிந்தவுடன் பாதி தோற்றுவிடுவோம்.

முழுச் சபைக் கூட்டம் மாலை ஏழு மணிக்கு. சரியாக ஐந்தரைக்கு இரண்டாம் மாடிப் படிக்கட்டில் லென் நிற்பார். தன் அறையில் சந்திக்க மாட்டார், அங்கே சுவருக்கும் காது என்பார். நான் ஏறிப் போவேன். வணக்கம் இல்லை, சுகமா என்ற கேள்வி இல்லை. ஒரே சொல்தான்.

"எத்தனை?"

நான் எண்ணைச் சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டுக் கீழே போய் மத்தி மீன் சான்ட்விச் சாப்பிடுவார். பதினேழு வருடத்தில் நான் ஒருநாளும் பிழையான எண்ணைச் சொன்னதில்லை. இதைப் பெருமைக்குத்தான் எழுதுகிறேன்.

எப்படி எண்ணினேன் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். வாக்கைப் பற்றிக் கேட்காமல்தான். "நீங்கள் ஆதரிப்பீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். நான் தொலைபேசியில் வேறு கதை கேட்பேன். எந்த ரயிலில் வருகிறீர்கள்? பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? முழங்கால் எப்படி? ரயிலின் நேரத்தைச் சரியாகச் சொல்கிறவர் வருவார், கை தூக்குவார். "ஒன்றும் யோசிக்காதே ரீற்றா" என்று சொல்கிறவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டுக் குசினியில் தொங்கும் நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, முன்பக்கம் அன்றைய புனிதரின் பெயர் இருக்க, பின்பக்கத்தில் எங்கள் ஆட்களின் பெயர்களை எழுதுவேன். ஆதரவுக்கு ஒரு கோடு. எதிர்ப்புக்கு ஒரு வட்டம். தேநீருக்கு ஒரு புள்ளி.

தேநீர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். கட்சி எடுத்த முடிவை ஒருவரால் மனமொப்பி ஆதரிக்க முடியாவிட்டால், எதிர்த்து வாக்களிக்க விடமாட்டோம். ஆனால் வாக்கெடுக்கும் நேரத்தில் எழுந்து நடைபாதைக்குப் போய் அங்கே இருக்கும் பெரிய கொதிகலனில் ஒரு தேநீர் பிடித்துக் குடிக்கலாம். முடிந்ததும் திரும்பி வரலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டோம். அந்தத் தேநீரின் ருசியைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். யாருக்குத் தேநீர், யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பவள் கொறடாதான்.

எங்கள் சபையில் ஐம்பத்து நான்கு பேர். அந்த வருடங்களில் நாங்கள் இருபத்தெட்டு, எதிர்க்கட்சி இருபத்தாறு. எங்களில் ஒருவர் மேயர், கூட்டத்தை நடத்துகிறவர். எங்கள் வழக்கப்படி மேயர் வாக்களிப்பதில்லை. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் தீர்க்கும் வாக்கு அவருடையது. ஆகவே நாங்கள் இருபத்தேழு, அவர்கள் இருபத்தாறு. ஒருவர் தேநீருக்குப் போனால் சமம், மேயர் எங்கள் பக்கம் தீர்ப்பார். இரண்டு பேர் போனால் தோல்வி. ஆக, ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு தேநீர்தான்.

டொரீனுக்கு அந்தத் தேநீரை நான் கொடுக்கவில்லை. எழுபது வயது, எங்கள் கட்சிக்காரி, எனக்கு முன் வரிசை. தன் வட்டாரத்தில் முதியோருக்கான பகல்நேர நிலையம் ஒன்றைத் தானே சண்டை பிடித்துக் கட்டுவித்தவள். அதை மூடும் தீர்மானம் வந்தபோது எங்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இருந்த ஒரு தேநீரும் அவரோடு போய்விட்டது. டொரீன் என் கையைப் பிடித்துக் கேட்டாள். "குழு முடிவெடுத்துவிட்டது. இதைத் திறந்தால் எல்லா முடிவையும் திறக்க வேண்டும்" என்று சொன்னேன். லென்னின் வசனம் அது, என் வாயில் அழகாகவே வந்தது. அவள் கை தூக்கினாள். பிறகு பெண்களின் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அடுத்த தேர்தலில் அவளுடைய வட்டாரம் அவளைத் தோற்கடித்தது. அதற்கு நான் எந்த நியாயமும் சொல்லப் போவதில்லை. வெட்கப்படுகிறேன், அவ்வளவுதான்.

இனித் தகனசாலை.

எங்கள் கவுன்சில் நடத்தும் தகனசாலைக்குப் புது உலைகள் வரப்போவதால் விதிமுறைகளை மாற்ற ஓர் அறிக்கை வந்தது. நாற்பது பக்கம். முழுச் சபைக்கு முன்பாக எங்கள் கட்சிக் குழு கூடி அதைப் பார்த்தது. பதினான்காம் பந்தியில் ஒரு வரி: உலை அறைக்குள் இனிக் குடும்பத்தினர் அனுமதிக்கப்பட மாட்டார்கள். யாருக்காவது மறுப்பு உண்டா என்று லென் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆதரிப்பவர்கள் என்றார். எல்லாக் கையும் போனது. என் கையும் போனது.

உண்மையைச் சொல்கிறேன், நான் அந்த அறிக்கையை வாசிக்கவில்லை. கொறடாக்கள் தாளை வாசிப்பது குறைவு, முகங்களைத்தான் வாசிப்போம். அன்று எல்லா முகமும் சரியாக இருந்தது, எனக்கு அது போதும். வாசித்திருந்தாலும் உறைத்திருக்குமா தெரியாது. நாங்கள் கத்தோலிக்கர், சேமக்காலையில் அடக்கம் செய்கிறவர்கள். உலை அறை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை நூலகத்தில் சேர்ஜரி. வட்டாரத்துச் சனம் கவுன்சிலரிடம் குறை சொல்ல வரும் நேரத்துக்கு இங்கே அப்படிப் பெயர். குப்பைத் தொட்டி, ஈரச் சுவர், பெனிபிட் என்ற அரச உதவிப்பணம் என்று வழக்கமானவை முடிந்த பிறகு வதனி வந்தாள். சுப்பர்மார்க்கெட்டில் காசாளராக வேலை செய்கிறவள். நாற்பது வயதிருக்கும். சட்டன் என்ற பகுதியில் இருந்து எங்கள் வட்டாரத்துக்கு மாறி வந்தவர்கள். தாயை எனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி லூயிஷாம் கோவிலுக்குப் போகிற மனிசி. இப்போது ஆஸ்பத்திரியில், டொக்டர்மார் நாள் குறித்துவிட்டார்கள்.

"அக்கா, அடுத்த மாதத்தில இருந்து உள்ள விடமாட்டினமாம். திரை மூடினதோட எல்லாரும் வெளியில போகட்டாம். உண்மையோ?"

"எங்க உள்ள?" என்று கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன்.

"கிறமற்றோரியத்தில பெட்டியை நெருப்புக்கு விடுற இடம். பின்னால ஒரு கதவு இருக்கு. மூத்த மகன் போய் நிண்டு பொத்தானை அமத்திறது. கொள்ளி வைக்கிறதுக்குப் பதிலா இஞ்ச எங்களுக்குக் கிடைச்சது அது ஒண்டுதான். சித்தப்பாமாருக்கும் மாமாமாருக்கும் எல்லாம் அப்பிடித்தான் செய்தது."

"உமக்கு ஒரு அண்ணை எல்லோ?"

"அண்ணை கடைசிச் சண்டையில காணாமல் போனவர் அக்கா. உடம்பும் இல்லை, ஒரு சேட்டுத் துண்டும் இல்லை. அம்மா எனக்கு ஒண்டே ஒண்டுதான் சொன்னவ. 'அவனுக்கு நெருப்பு வைக்க ஒருத்தரும் இருக்கேல்லை. எனக்கு நீ வை. நிண்டு பார்த்து அனுப்பு' எண்டு. பொம்பிளைப் பிள்ளை செய்யிறதோ எண்டு மாமாமாரோட ஒரு வருசம் சண்டை. இப்பதான் ஓமெண்டவை. இப்ப பார்த்தால் கவுன்சில் ஏலாது எண்டுது."

கவுன்சில் என்று அவள் சொன்னபோது ஏதோ தூரத்தில் இருக்கும் ஒரு கட்டடத்தைச் சொல்கிறவள் போலச் சொன்னாள். அது என் கை என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு முகம் சுட்டது.

"பாக்கிறன் வதனி" என்றேன்.

"பாக்கிறன் எண்டு சொல்லாதேங்கோ அக்கா. ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் சொல்லினம். ஏலுமோ ஏலாதோ எண்டு சொல்லுங்கோ, நான் அம்மாட்டைப் போய்ச் சொல்ல வேணும்."

பதினேழு வருடம் மற்றவர்களின் வாயில் இருந்து நேரான பதிலைப் பிடுங்கியவளிடம் அவள் நேரான பதில் கேட்டாள். "ஏலும்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த நாற்பது பக்கத்தையும் முதல்தடவையாக வாசித்தேன். என் கணவர் அந்தோனி, தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கட அலுவலோ? எங்களுக்குச் சேமக்காலை இருக்கு. லென்னோட மோதி உள்ள பதவியையும் துலைக்கப் போறீரோ?"

"நானும் கை தூக்கினனான் எல்லோ."

அவர் தாளை வாங்கிப் பதினான்காம் பந்தியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்தக் கையை இறக்க வேண்டியதுதான்" என்றார்.

திங்கட்கிழமை லென்னிடம் போனேன். அவருக்கும் நியாயம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரு தகனத்தில் நாற்பது பேர் அந்தச் சின்ன அறைக்குள் தள்ளி நுழைந்ததில் அங்கே வேலை செய்கிறவர் ஒருவரின் கை சூட்டுக் கதவில் பட்டுவிட்டது. "அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல, ரீற்றா?" என்று கேட்டார்.

"நாற்பது பேரை விடாதீர்கள். நான்கு பேரை விடுங்கள். ஒரு கோடு போடுங்கள், அதற்கு இப்பால் நிற்கட்டும்."

"குழுக் கூட்டத்தில் நீயும் இருந்தாய். உன் கை மேலே போனதை நான் பார்த்தேன்."

"பார்த்தீர்கள். அது என் பிழை."

"குழு முடிவெடுத்துவிட்டது. இதைத் திறந்தால் எல்லா முடிவையும் திறக்க வேண்டும்."

குரல் மெதுவாகிவிட்டது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது. நான் குனியவில்லை. பாதி வசனம் காதில் விழவில்லை, ஆனால் அது எனக்கு மனப்பாடம். டொரீன் என் கையைப் பிடித்தபோது நான் சொன்னதே அதுதான்.

புதன்கிழமை கூட்டம். காலையில் நாட்காட்டித் தாளைக் கிழித்து வழக்கம்போல எல்லோரையும் அழைத்தேன். என் பக்கம் வா என்று ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று பேராவது வந்திருப்பார்கள், யாரெவர் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் லென்னுக்காக எண்ணக் கொடுத்த பதவியை வைத்துக்கொண்டு அவருக்கு எதிராக ஆள் சேர்ப்பது அசிங்கம். என் கை ஒன்றுதான் என்னுடையது. இருபத்தாறு கோடு விழுந்தது. எல்லோரும் ரயில் நேரத்தைச் சரியாகச் சொன்னார்கள்.

அதுவரை அந்தப் பட்டியலில் என் பெயரை நான் ஒருநாளும் எழுதியதில்லை. கொறடாவை யார் எண்ணுவது? அன்று கடைசி வரியில் 'ரீற்றா' என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு வட்டம் போட்டேன்.

எதிர்க்கட்சி இருபத்தாறு பேரும் எதிர்ப்பார்கள் என்பது தெரிந்ததுதான். எங்கள் சனத்தின் மேல் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று லென் தீர்மானம் கொண்டுவந்தாலும் எதிர்த்திருப்பார்கள்.

ஐந்தரைக்குப் படிக்கட்டில் ஏறினேன்.

"எத்தனை?"

"நாங்கள் இருபத்தாறு. அவர்கள் இருபத்தேழு."

அவர் கேட்டுப் பழகாத எண். என் கையில் இருந்த தாளைத் திருப்பிக் காட்டப் போனேன். அதற்கு முன்பே தலைகீழாகக் கடைசி வரியை வாசித்துவிட்டார்.

"தேநீருக்குப் போ" என்றார். "இன்றைக்கு ஒரு தேநீர் இருக்கிறது. வேறு யாரும் கேட்கவில்லை. நான் எதையும் பார்க்க மாட்டேன்."

"நான் தேநீருக்குப் போனால் சமம். மேயர் உங்கள் பக்கம் தீர்ப்பார். அந்தக் கதவு மூடிவிடும்."

"ஆம். உன் மனச்சாட்சிக்கும் பழுதில்லை, எனக்கும் பழுதில்லை. இதைத்தானே இவ்வளவு காலமும் மற்றவர்களுக்குக் கொடுத்தாய்?"

"கொடுத்தேன். அதைக் குடித்த ஒருவருடைய மனமும் ஆறவில்லை, லென். எனக்கு வேண்டாம். இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது, இந்த விடயத்தை இன்றைய பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். நான்கு பேர் என்று திருத்திக் கொண்டுவந்தால் நானே முன்மொழிகிறேன்."

"இத்தனை வருடத்தில் நான் ஒன்றையும் திரும்ப எடுத்ததில்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. படியிறங்கிப் போனார். அன்று சான்ட்விச் பெட்டி பிரிக்காமலே மேசையில் கிடந்ததை நான் பார்த்தேன்.

இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள், ஏன் முன்கூட்டியே சொன்னாய், சொல்லாமல் இருந்திருந்தால் அவரைத் திடுக்கிட வைத்திருக்கலாமே என்று. அவர் எண் கேட்டார், நான் எண் சொன்னேன். ஒரு மனிதரை எதிர்ப்பது வேறு, அவருக்குப் பொய் சொல்வது வேறு.

ஏழு மணிக்குச் சபை கூடியது. பார்வையாளர் வரிசையில் வதனி, வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருந்தாள். எட்டு மணிக்கு முன்பே தகனசாலை விடயம் வந்துவிட்டது. லென் இரண்டே நிமிடம் பேசினார். பிறகு அவரே எழுந்து, பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கும்படி கேட்டார். கை தூக்குவதென்றால் கூட்டத்தில் ஒரு கை. பெயர் கூப்பிட்டால் ஒவ்வொருவரும் வாய் திறந்து சொல்ல வேண்டும், பதிவேட்டில் பெயரோடு ஏறும். அது எனக்காகத்தான். சொல்ல எனக்கு வாய் வராது என்று நினைத்தார்.

மேயர் வாக்கெடுப்பைத் தொடங்கப் போகும்போது லென் என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "தேநீர் குடிக்க விரும்புகிறவர்கள் இப்போது போகலாம்" என்றார். எங்கள் வரிசையில் எல்லோருக்கும் விளங்கியது. இருபத்தாறு தலைகள் என்னைப் பார்த்தன. என் கால்கள் எழும்பத்தான் பார்த்தன. ஒரு தேநீர், அவ்வளவுதானே என்று மனம் சொன்னது. கதிரைக்கு அடியில் காலைப் பின்னிக்கொண்டு இருந்தேன்.

பெயர்கள் ஆங்கில எழுத்து வரிசையில் போயின. பதிவேட்டில் என் கடைசிப் பெயர் தகப்பனுடையது, வின்சென்ட். எனக்குப் பிறகு இரண்டே பெயர்கள், இரண்டும் எதிர்க்கட்சி. அதுவரைக்கும் ஆதரவு இருபத்தாறு, எதிர்ப்பு இருபத்து நான்கு. என் பெயர் வந்தது.

"எதிர்ப்பு" என்றேன்.

பதிவு மேசை வரைக்கும் அது கேட்கவில்லை. பதிவு செய்கிறவர் மறுபடி சொல்லும்படி கேட்டார். நல்லது என்று எழுந்து நின்று மறுபடி சொன்னேன், இந்த முறை பார்வையாளர் வரிசை வரைக்கும் கேட்டது.

இருபத்தாறு, இருபத்தேழு. தீர்மானம் விழுந்தது. எதிர்க்கட்சிக்காரர் மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை. லென் தன் தாள்களை ஒழுங்காக அடுக்கி, அடுத்த விடயத்துக்குப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் கொறடா பதவி போனது. பென்சிலால் எழுதிய இரண்டு வரிக் கடிதம். ஆறு மாதம் கட்சிக் குழுவுக்குள்ளும் வரக்கூடாது என்றார்கள். மன்னிப்புக் கடிதம் தந்தால் குறைக்கலாம் என்று ஒருவர் தூது வந்தார். பேனை இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஆறு மாதம் முடிந்து திரும்பியதும் மரங்களையும் வாடகைத் தோட்டத் துண்டுகளையும் பார்க்கும் உபகுழுவில் என்னைப் போட்டார்கள். அது தண்டனையாம். ஒன்பது வருடம் அங்கே இருந்தேன். எங்கள் பகுதியில் நீங்கள் பார்க்கும் செரி மரங்களில் பாதி நான் நட்டவை.

அடுத்த மாதமே விதிமுறை திருத்தி வந்தது: நான்கு பேர், மூடிய சப்பாத்து, மஞ்சள் கோட்டுக்கு இப்பால். நான் சொன்ன அதே நான்கு. என் பெயர் எங்கும் இல்லை. அதைக் கொண்டுவந்தவர் லென். ஒருவரும் எதிர்க்கவில்லை.

வதனியின் தாய் அதன் பிறகு மூன்று கிழமை உயிரோடு இருந்தார். கிரியை முடிந்து பெட்டி உள்ளே போகும் நேரத்தில் வதனி என்னிடம் வந்தாள். "நானும் ரண்டு மாமாமாரும்தான். நாலாவது ஆளா நீங்கள் வாங்கோ அக்கா." நான் போகவில்லை. அது அவர்களுடைய இடம். வெளியே மழையில் நின்றேன். பத்து நிமிடத்தில் அந்தப் பின்கதவு திறந்தது. ஒரு வருடம் சண்டை பிடித்த பெரிய மாமா அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"பாத்து அனுப்பினன் அக்கா" என்றாள் வதனி. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

லென்னும் நானும் அதற்குப் பிறகு மாலை வணக்கத்தைத் தவிர வேறு பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இருவரும் ஓய்வு பெற்றோம். இரண்டு வருடத்துக்கு முன் அவர் இறந்தார். தகனம் அதே தகனசாலையில். நான் பின்வரிசையில் இருந்தேன். அவருக்கு மதமில்லை. பாட்டில்லை, செபமில்லை, நாலு பேர் பேசினார்கள். எல்லோரும் அவர் ஒரு வாக்கும் தோற்றதில்லை என்று பேசினார்கள். எழுந்து திருத்தலாமா என்று ஒரு கணம் யோசித்து, விட்டுவிட்டேன்.

திரை மூடப் போகும்போது அவருடைய மகள் கேரன் வரிசைகளைத் தாண்டி என்னிடம் வந்தாள். கையில் ஒரு தாள். பென்சில் எழுத்தை ஒரு பார்வையிலேயே அடையாளம் கண்டேன்.

"அப்பா எழுதி வைத்திருக்கிறார். எனக்கு விளங்கவில்லை, உங்களுக்கு விளங்கும் என்றார்" என்று நீட்டினாள்.

'கேரனோடு ரீற்றா உள்ளே வரட்டும். அவளைத் தேநீருக்கு அனுப்ப வேண்டாம்.'

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மனிதா, உயிரோடு இருக்கும்போது சொல்ல வாய் வரவில்லையா என்று அந்தப் பெட்டியைப் பார்த்துக் கேட்க வேண்டும் போல இருந்தது. பிறகு கண் கலங்கியது. அதையும் அவர் பார்க்கவில்லை.

கேரன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்பக்கத்துக் கதவுக்குப் போனோம். பதினேழு வருடப் பதவியைக் கொடுத்துத் திறந்து வைத்த கதவு, அதற்குள் நான் ஒருநாளும் போனதில்லை. நீல நிற மேலங்கி போட்ட ஊழியர் ஒருவர் கதவைப் பாதி திறந்து எங்களைப் பார்த்தார்.

"எத்தனை?" என்று கேட்டார்.

"இரண்டு பேர்" என்றேன்.